ஆட்டுக் கொட்டகையில் பிட்காயின்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோழவந்தானில் ஓர் ஆட்டுக் கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தேன்.

இருபத்திரண்டு வருஷமாகத் திருமங்கலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எத்தனையோ இடத்தில் பாடம் நடத்தியிருக்கிறேன் — மரத்தடி, ஒழுகுகிற வராண்டா, ஒரு தேர்தல் சமயத்தில் சைக்கிள் ஸ்டாண்டு. ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில் இதுதான் முதல் தடவை.

எதற்காக? பிட்காயினுக்காக.

சிரிக்காதீர்கள். முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்களுக்கே எல்லாம் நியாயமாகப் படும்.

தம்பி பெயர் ராசு. காளவாசலில் பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். உழைப்பாளி. ஆனால் ஞாபகம் என்கிற ஒன்றை ஆண்டவன் அவனுக்குக் கொடுக்கும்போது கரண்டு போய்விட்டது போலிருக்கிறது. ஒரு காதுகுத்து விழாவுக்கு, மொட்டைத்தலைக் குழந்தை படத்துக்குக் கீழே 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று அடித்து அனுப்பியவன். பழைய பைலை மாற்ற மறந்துவிட்டானாம். தாய்மாமன்கள் ஏழு பேர் கடைக்கே வந்துவிட்டார்கள்.

அந்த ராசு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். டீ கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என் கல்யாணத்துக்கு துரை என்ன கிஃப்ட் குடுத்தான் தெரியுமா?"

துரை அவனுடைய பள்ளிக்கூடத்து நண்பன். துபாயில் ஏசி மெக்கானிக். கல்யாணம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கு எப்படித் தெரியும்?

"சுவர்க்கடிகாரமா?"

"பிட்காயினு."

விஷயம் இதுதான். துபாயில் ரூம் நண்பன் ஒருவன் சொல்லி, துரை கொஞ்சம் பிட்காயின் வாங்கிவைத்திருக்கிறான். கல்யாணத்துக்கு வந்த இடத்தில், 'எல்லாரும் குடுக்குறதையே நானும் குடுப்பனா' என்று மண்டப வாசலிலேயே ராசுவின் போனில் ஒரு ஆப்பை இறக்கி, இரண்டாயிரம் ரூபாய் பெறுமானத்துக்கு அதில் அனுப்பிவிட்டான். அதற்கு டிஜிட்டல் வாலட் என்று பெயர். அந்த வாலட் திறந்ததும் திரையில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைக் காட்டியது. சம்பந்தா சம்பந்தமில்லாத பன்னிரண்டு வார்த்தைகள். அதுதான் சாவி. போன் தொலைந்தாலும் வார்த்தைகள் இருந்தால் பணம் இருக்கும். வார்த்தைகள் தொலைந்தால்... அவ்வளவுதான். மேனேஜரைப் பார்த்து அழுவதற்கு அதில் மேனேஜரே கிடையாது.

அந்த போன் அடுத்த ஆடி மாதமே கிணற்றுக்குள் விழுந்தது. ராசு போனுக்காக இரண்டு நாள் வருத்தப்பட்டான். பிட்காயினுக்காக வருத்தப்படவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"இப்ப துரை போன் பண்ணி, 'மாப்ள, அந்தக் கல்யாண கிஃப்ட வித்துட்டியா, வச்சிருக்கியா'ங்குறான்க்கா. இன்னைக்கு மூணு, மூணரை லட்சம் வருமாம்."

நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வார்த்தைய எங்கடா எழுதி வச்ச?"

அவன் வாசலைப் பார்த்தான். "பேனர்ல."

"எந்தப் பேனர்ல?"

"கல்யாணப் பேனர்லதான். வாசல்ல கட்டியிருந்துச்சுல்ல, அதுக்குப் பின்னாடி. துரைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. கையில பேப்பர் இல்ல. பட்டு வேட்டியில பாக்கெட்டும் இல்ல. பந்தல்காரருகிட்ட மார்க்கர் இருந்துச்சு. பெறகு பேப்பர்ல எழுதிக்கலாம்னு..."

பெறகு என்பது என் தம்பியின் அகராதியில் ஒருபோதும் வராத நாள்.

"சரி, துரைகிட்டயே கேளு. அவனுக்கு ஞாபகம் இருக்கும்ல?"

"கேட்டேன்க்கா. 'நான் உன் போனப் பாத்துப் படிச்சேன், ஒன்பது வருசம் ஆச்சு, எவனுக்கு ஞாபகம் இருக்கும்'ங்குறான்."

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. ராசுவின் மனைவி செல்வி. கெட்டிக்காரி. வீட்டிலேயே ஜாக்கெட்டுக்கு ஆரி வேலைப்பாடு செய்கிறாள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கிக் கடையாகவே போட்டுவிட வேண்டும் என்பது அவளுடைய நாலு வருஷத்துக் கனவு. ஆனால் துரை பெயரைச் சொன்னால் விளக்குமாற்றை எடுப்பாள்.

காரணம் உண்டு. கல்யாணத்தன்று அவன் குடித்துவிட்டு மண்டப வாசலில் ஆடினானாம். அவள் காரிலிருந்து இறங்கும்போது, இடுப்பில் கைவைத்து அவளைப் போலவே நடந்து காட்டி நக்கலடித்தானாம். அது போதாதென்று அவள் அப்பாவைப் பார்த்துக் கழுதை என்று சைகை செய்தானாம். பெண்வீட்டார் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். அன்று விழுந்த தடை இன்றுவரை நீங்கவில்லை. லீவில் ஊருக்கு வந்தால் துரை பிளெக்ஸ் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, வீட்டு வாசல் மிதிக்காமல் போய்விடுவான்.

"நீ பாத்தியாடா, அவன் ஆடுனத?"

"இல்லக்கா. பந்திப் பக்கம் ஆடியிருப்பான்னு நெனச்சேன். அன்னைக்கு மூணு நாளா தூக்கம் இல்ல எனக்கு. தாலி கட்டுனது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

அதுவாவது இருக்கிறதே.

செல்வியிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். துரை என்றதும் முகம் மாறியது. மூன்றரை லட்சம் என்றதும் இன்னொரு தடவை மாறியது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"குடிகாரன் குடுத்தா என்ன மதினி, காசு காசுதான."

பேனர் எங்கே என்று அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. கல்யாணம் முடிந்த மறுநாளே அவள் அப்பா சின்னச்சாமி அதைக் கழற்றிச் சுருட்டிச் சோழவந்தானுக்குக் கொண்டுபோய்விட்டார். நல்ல பிளெக்ஸ் வீணாகப் போகக் கூடாதல்லவா? நம் ஊரில் எந்தப் பிளெக்ஸ் வீணாகியிருக்கிறது? தலைவர் பிறந்தநாள் முடிந்தால் அவர் நெல்லுக்குக் கீழே படுப்பார். புதுமணத் தம்பதி வைக்கோல் படப்புக்கு மேலே படுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராசுவின் லோடு ஆட்டோவில் மூன்று பேரும் கிளம்பினோம். சின்னச்சாமி மாமாவுக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால். எட்டு ஆடு. எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எதற்கு வந்தோம் என்று சொன்னதும் சந்தோஷம் குறைந்தது.

"கொட்டகையப் பிரிக்கணுமா மாப்ள? மழக்காலம் வருதே. குடுத்த பிளெக்ஸ யாராச்சும் திருப்பிக் கேப்பாகளா?"

"பிரிக்க வேணாம் மாமா. படிக்கணும்."

"என்னத்த?"

கொட்டகைக்குக் கூரையே அந்தப் பேனர்தான். படம் வானத்தைப் பார்த்து இருந்தது. வெயிலில் ராசுவின் முகம் சுத்தமாக வெளுத்து, மீசை மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. பிளெக்ஸ் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. இழுத்தால் நொறுங்கிவிடும். ஆனால் எழுதிய பக்கம் உள்ளே, நிழலில், ஆடுகளைப் பார்த்தபடி இருந்தது.

அப்படித்தான் நான் கயிற்றுக் கட்டிலில் படுத்தேன். நோட்டும் பேனாவுமாகச் செல்வி பக்கத்தில். கிடாக்குட்டி ஒன்று என் புடவை முந்தானையின் ருசி பார்த்தது.

மேலே பார்த்தேன். எழுத்து பளிச்சென்று இருந்தது. ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு, பன்னிரண்டு வரிகள்.

எல்லாம் தமிழில்.

"ராசு," என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆடுகள் மிரளுமே. "இங்கிலீஷ் வார்த்தைய ஏண்டா தமிழ்ல எழுதுன?"

"பக்கத்துலயே மேளம்க்கா. அந்தச் சத்தத்துல வார்த்தை கேட்டதே பெருசு. ஸ்பெல்லிங் எங்க கேக்க?"

கோட். கிட்டார். கார்டு. அம்ப்ரல்லா. பாஸ். டர்ட்டில்...

ஏழாவது வார்த்தை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

கொட்டகையின் நடுக்கம்பு அந்த இடத்தில்தான் மேலே போகிறது. கம்புக்காக வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். நம்பர் ஏழு மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது. அதற்குப் பின் ஒரு துண்டு வானம், ஒரு காக்கா.

"மாமா, இந்த இடத்துல எழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு தாயி. பேனர்க்காரன் ஏதோ அளவு எழுதியிருக்கான்னு நெனச்சேன்."

"வெட்டுன துண்ட என்ன பண்ணீக?"

"தண்ணிப் பானைக்கு மூடி வச்சேன். ஒரு காத்துல பறந்துபோச்சு." பிறகு கேட்டார், "அந்த ஒண்ணு மட்டும் எம்புட்டு இருக்கும்?"

"அந்த ஒண்ணு இல்லாட்டி மத்ததும் இல்ல மாமா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளுக்குச் சேர வேண்டியதைத் தன் கையாலேயே வெட்டிப் பானைக்கு மூடியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "நானும் வாரேன்" என்று சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கட்டு வெற்றிலையோடு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

மதியம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். ராசுவின் புது போனில் அதே வாலட் ஆப்பை இறக்கினோம். பன்னிரண்டு கட்டங்கள் காட்டியது. நிரப்பினால் திறக்கும்.

இங்கேதான் நான் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது என்ன என்று எனக்கே சந்தேகம் வந்தது.

'கோட்' என்றால் ஆடா, ரகசியக் குறியீடா? இரண்டும் நம் எழுத்தில் ஒன்றுதான். 'கார்டு' என்றால் அட்டையா, காவல்காரரா, மாட்டு வண்டியா? 'பேஸ்' என்றால் முகமா, அஸ்திவாரமா? 'க' ஒன்று, 'ப' ஒன்று, 'ட' ஒன்று. பிறகு கேட்கவா வேண்டும்?

"இது பாஸா, பாஸா?" என்றேன்.

"பாஸுக்கா."

"அதான், பாஸா பாஸா?"

"பாஸுன்னுதானக்கா சொல்றேன்."

இதைப் படிக்கிற உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். என் தம்பிக்கும் அப்படித்தான் கேட்டது. ஒன்று பரீட்சையில் தேறுவது, இன்னொன்று முதலாளி. நான் உதட்டை மடக்கி, காற்றை அடக்கி, வகுப்பில் செய்கிற மாதிரி உச்சரித்துக் காட்டினேன். சின்னச்சாமி மாமா, "தாயிக்குத் தண்ணி குடும்மா" என்று மகளிடம் சொன்னார்.

இதையாவது மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஏழாவது? அந்த வாலட் பயன்படுத்துகிற வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. இரண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள். அதை எடுத்துவைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதல் வார்த்தையே 'அபாண்டன்'. தமிழில், கைவிடு.

நல்ல சகுனம்.

ராசு இதற்குள் இணையத்தில் ஒரு புண்ணியவானைக் கண்டுபிடித்திருந்தான். 'தொலைந்த வாலட் திறந்து தரப்படும். உங்கள் வார்த்தைகளை அனுப்பவும்.' அனுப்பப் போனவனின் கையைப் பிடித்தேன்.

"பீரோ சாவியத் திருடன்கிட்ட குடுத்து, இது எங்க வீட்டு பீரோவுக்குச் சேருதான்னு பாத்துச் சொல்லுங்கண்ணேன்னு கேப்பியா?"

"பதினொண்ணுதானக்கா இருக்கு..."

உலகத்திலேயே பாதுகாப்பான பூட்டு என்கிறார்கள் இதை. உண்மைதான். எவனாலும் திறக்க முடியாது — சொந்தக்காரன் உட்பட.

நாலு மணிக்கு எனக்குக் கண் கட்டிவிட்டது. 'பி' எழுத்தைக்கூடத் தாண்டவில்லை. போன் ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில் தப்பு, தப்பு என்றது. நான் என் மாணவர்களுக்குப் போட்ட சிவப்பு மையெல்லாம் வட்டியோடு திரும்பி வருகிறதோ என்று தோன்றியது.

அப்போது செல்வி கேட்டாள்.

"மதினி, அவன் வாசல்ல ஆடுனான்ல. அது வீடியோவுல இருக்கும். அங்கனதான இவரும் எழுதிக்கிட்டிருந்திருப்பாரு? அவன் படிக்கிற சத்தம் கேக்காதா?"

கல்யாண வீடியோ. யாராவது கல்யாண வீடியோவை இரண்டாம் தடவை பார்த்ததுண்டா? முதல் தடவையே பாதியில் தூங்கிவிடுகிறோம். ராசு போய் மூன்று டிவிடிகளை எடுத்துவந்தான். என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் தட்டைச் செருகினோம். அது இருமிக்கொண்டே ஓடத் தொடங்கியது.

முதல் டிவிடியில் ராசுவும் செல்வியும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வந்தார்கள். மேகத்தின்மேல் நடந்தார்கள். வீடியோக்காரர் சாம்பார் வாளியைத் தனியாக மூன்று நிமிஷம் எடுத்திருந்தார். இரண்டாவது டிவிடியில் மண்டப வாசல் வந்தது.

பேனர். அதன் கீழ் மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டு வேட்டியோடு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான் ராசு. கையில் மார்க்கர். பக்கத்தில் ஒல்லியாகத் துரை, ஒரு கையில் போன், வாய் அகலமாகத் திறந்து கத்துகிறான். அவனுக்கு நேர் பின்னால் வெள்ளைச் சட்டையில், வருகிறவர்களைக் கும்பிட்டபடி சின்னச்சாமி மாமா.

கத்துகிறான்... ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. எடிட்டிங்கில் மேலே ஒரு காதல் பாட்டைப் போட்டிருந்தார்கள்.

ராசு தலையில் கைவைத்துக்கொண்டான்.

திரையில் துரை மறுபடி கத்தினான். ராசு காதைக் குவித்து 'என்ன?' என்று கேட்டான். துரை போனை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு விரல்களைத் தலைமேல் கொம்பு மாதிரி வைத்து முட்டிக் காட்டினான். ராசு திரும்பி எழுதினான்.

"பாருங்க மதினி, ஆரம்பிச்சுட்டான்," என்றாள் செல்வி.

துரை அடுத்து, இல்லாத கிட்டாரை இடுப்பில் வைத்து மீட்டினான். ராசு திரும்பி எழுதினான்.

"செல்வி, நிறுத்து."

நோட்டைப் பார்த்தேன். ஒன்று, கோட். இரண்டு, கிட்டார். கொம்பு... கிட்டார்...

"அவன் ஆடல செல்வி. மேளச் சத்தத்துல இவனுக்குக் காது கேக்கல. நடிச்சுக் காட்டுறான்."

செல்வி மறுபடி ஓடவிட்டாள். துரை விறைப்பாக நின்று, தோளில் துப்பாக்கி சாய்த்து, சல்யூட் அடித்தான். ஆக அட்டையும் இல்லை, வண்டியும் இல்லை. காவல்காரர். குடை விரித்தான். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான். முதலாளி. அடுத்து, தோளுக்குள் தலையை இழுத்து, வெளியே நீட்டி, மறுபடி இழுத்தான். ஆமை. பாவம், பட்டுச் சட்டைக்குள் அந்தக் கழுத்து எம்புட்டுப் பாடுபட்டதோ.

ஏழாவது. நாங்கள் நாலு பேரும் திரைக்குக் கிட்டே போனோம்.

துரை சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினான்.

ராசுவுக்குப் புரியவில்லை. துரை மறுபடி காட்டினான். அதற்குள் சில்க் ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் குறுக்கே வந்து, துரையின் கையைப் பரிவோடு பிடித்து, மண்டபத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். திரையில் ராசு மட்டும் மார்க்கரோடு காத்திருந்தான். அரை நிமிஷத்தில் துரை ஓடிவந்தான். முகத்தில் எரிச்சல். மறுபடி சுண்டுவிரல். இந்தத் தடவை வேறொருவர் கைகாட்டி வழி சொன்னார். துரை அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, ராசுவின் காதருகே குனிந்து கத்தினான். ராசு எழுதினான்.

"அது என்னன்னு பெறகு யோசிப்போம். ஓடட்டும்," என்றேன்.

எட்டாவது வார்த்தை லேடி. துரை தோளில் முந்தானையைப் போடுவது போலப் போட்டு, இடுப்பில் கைவைத்து நாலு அடி நடந்தான். சரியாக அந்த நேரத்துக்குத்தான் கார் வந்து நின்று, கதவு திறந்து, மணப்பெண் இறங்கினாள். நடக்கிற துரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறுவதை வீடியோக்காரர் குளோசப்பில் எடுத்திருந்தார்.

செல்வி தாலிச் சரட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது, டாங்கி. துரை இரண்டு கையையும் காதருகே வைத்து ஆட்டி, வாயைப் பிளந்து கழுதை மாதிரிக் கனைத்தான். பிறகு ராசுவுக்கு விளங்கட்டும் என்று, வாலைக் காட்டுகிற மாதிரி கையைப் பின்னால் நீட்டினான். அந்தக் கை போய் நின்ற இடத்தில் சின்னச்சாமி மாமா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

செல்வி வீடியோவை நிறுத்தினாள்.

"அப்ப..." என்றார் மாமா. வெற்றிலையை மென்றபடியே திரையைப் பார்த்தார். "அப்ப, என்னயச் சொல்லலையா?"

"இல்ல மாமா. டாங்கின்னா இங்கிலீஷ்ல கழுதை. ஒன்பதாவது வார்த்தை அது."

"ஒன்பது வருசமா நான் என்னயச் சொன்னான்னுல்ல நெனச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னார், "கண்ணாடிகூடப் பாத்தேன் தாயி, ரெண்டு மூணு தடவ."

சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ராசு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். அவன் தோள் குலுங்கியது.

மிச்சம் சுலபம். துரை தன் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டான். யாரோ ஒருவரின் மோதிரத்தைத் தொட்டுக் காட்டினான். கடைசியாக ஆரஞ்சுப் பழம் உரித்தான், கொட்டை துப்புவது வரைக்கும். அப்புறம் ராசுவைக் கட்டிப்பிடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். பாட்டும் முடிந்தது.

பதினொன்று கிடைத்துவிட்டது. சுண்டுவிரல் மட்டும் பாக்கி.

'ஃபிங்கர்' போட்டேன். தப்பு. 'லிட்டில்' போட்டேன். தப்பு. 'ஸ்மால்'. தப்பு. ஒல்லி, குட்டி, கடைசி என்று யோசித்ததையெல்லாம் பட்டியலில் தேடித் தேடிப் போட்டேன். எதற்கும் அசையவில்லை.

செல்வி நோட்டை மூடினாள்.

"மதினி, நீங்க டீச்சருதான? கிளாஸுல ஒரு பிள்ள எந்திரிச்சு சுண்டுவிரலக் காட்டுனா என்ன செய்வீக?"

இருபத்திரண்டு வருஷம். ஒரு நாளைக்குக் குறைந்தது பத்துத் தடவை. அந்தச் சுண்டுவிரலுக்கு 'போ, ஓடிப் போய்ட்டு சீக்கிரம் வா' என்று சொல்லிச் சொல்லியே தொண்டை போனவள் நான்.

'டாய்லெட்' என்று அடித்தேன்.

போன் யோசித்தது. ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. சிவப்பு வரவில்லை. வாலட் திறந்தது.

ராசு போனைக் கையில் வாங்கி, எல்லாருக்கும் காட்டினான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். 0.045 என்று இருந்தது.

"முன்னாடி சைபருல்ல போட்டிருக்கு மாப்ள," என்றார் வருத்தமாக. "சரி விடுங்க. குடுத்து வச்சது அம்புட்டுத்தான்."

அந்தச் சைபருக்குப் பின்னால் மூன்றரை லட்சம் இருக்கிறது என்று அவருக்கு விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவர் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல.

"அந்தப் பயலுக்கு ஒரு போனப் போடுங்க."

ராசு போட்டுக் கொடுத்தான். ஸ்பீக்கரில் துரையின் குரல் வந்தது. "சொல்லு மாப்ள, கெடச்சுச்சா?"

"தம்பி, நான் சோழவந்தான்ல இருந்து செல்வி அப்பா பேசுறேன்."

லைன் போய்விட்டதோ என்று ராசு போனை எட்டிப் பார்த்தான்.

"சொல்லுங்கப்பா."

"அன்னைக்கு வாசல்ல நீ காட்டுனது, இங்கிலீஷு கழுதையா?"

"என்னதுப்பா?"

மாமா பொறுமையாக முழுக் கதையையும் சொன்னார். துரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நீங்க பின்னாடி நின்னதே எனக்குத் தெரியாதுப்பா. ராசு வீட்டுக்கு ஏன் என்னயக் கூப்புட மாட்டேங்குறாகன்னு ஒன்பது வருசமா யோசிக்கிறேன். கிஃப்ட் பத்தலையோன்னுகூட நெனச்சேன்."

செல்வி சட்டென்று போனை வாங்கினாள். "அண்ணே, லீவுல எப்ப வாரீக? வீட்டுக்குச் சாப்புட வரணும்." அவ்வளவுதான் சொன்னாள். போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அடுப்படி என்னுடையது. அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

பிட்காயினை விற்றாயிற்று. வரி போக மிச்சத்தில் எம்பிராய்டரி மெஷினுக்குப் பெரும்பங்கு கட்டியாயிற்று. ராசுவிடம் இனி எந்த ரகசிய வார்த்தையும் இல்லை. ஏடிஎம் கார்டையும் செல்வியே வாங்கிவைத்துக்கொண்டாள் என்று கேள்வி.

நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. ஒருவன் நல்லது செய்யத்தான் தொண்டை கிழியக் கத்துகிறான். மேளச் சத்தத்தில் வார்த்தை கேட்பதில்லை, கையும் காலும் ஆடுவது மட்டும் தெரிகிறது. நாம் பாட்டைப் போட்டு மூடிவிட்டு, குடிகாரன் என்று முடிவுகட்டிவிடுகிறோம். உங்கள் வீட்டு வாசலுக்கு வராமல் இருக்கிற யாரையாவது நினைத்துப் பாருங்கள்... எதற்கும் பழைய டிவிடி ஒன்றைத் தூசி தட்டிப் பாருங்களேன்.

போன வாரம் துரை லீவில் வந்தான். ராசுவின் வீட்டில் கறிக்குழம்பு. சோழவந்தான் மாமா காலையிலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார். துரையைக் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்றார். அவன் கூச்சத்தில் நெளிந்தபடி, கையிலிருந்த பெரிய அட்டைப் பெட்டியைச் செல்வியிடம் நீட்டினான். உள்ளே ஐந்து லிட்டர் குக்கர்.

"இதுக்கு பாஸ்வேர்டு கிடையாது தங்கச்சி. மூணு விசில் விட்டா தானா தொறந்துரும்."